இன்னும் கட்டாத கணப்பு

நாய்தான் முதலில் அங்கே போய்ப் படுத்தது.

பான்ஜோ கிழடு தட்டிப்போன பண்ணை நாய். குளிர்காலம் தொடங்கிவிட்டால், சமையலறைத் தரையில் ஹீட்டரின் சூடான காற்று மேலே வரும் இரும்புச் சல்லடையை விட்டு அது நகர்ந்ததே கிடையாது. தண்ணீர்க் கிண்ணத்தைக்கூட அதன் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அன்று காலை ஆர்லிஸ் காப்பிக் கோப்பையோடு கூடத்துக்குள் வந்தபோது அது வடக்குச் சுவருக்கு நேர் எதிரே, விரிப்பு எதுவும் இல்லாத மரத்தரையில், வயிற்றைக் காட்டிக்கொண்டு கால்களை நீட்டிப் படுத்திருந்தது. நெருப்பைக் கண்ட நாய் அப்படித்தான் படுக்கும். ஆனால் அதன் முன்னால் இருந்தது வெறும் சுவர். சுவரில் நீல டேப்பால் ஒட்டிய ஒரு சதுரம். அவ்வளவுதான்.

டேப்பை ஒட்டிவிட்டுப் போனவர் கொத்தனார் வெண்டல். அவரை வரவழைத்தது அவள் கணவன் டெல்மர். ஆனால் கணப்பு என்ற பேச்சையே எடுத்தது ஆர்லிஸ்தான்.

அந்த இலையுதிர்காலத்தில் டெல்மர் மாடுகளை விற்றிருந்தான். அவனுடைய இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. வடக்கு டகோட்டாவின் குளிரில் விடியுமுன் எழுந்து தொழுவத்துக்குப் போவது இனி நடக்காது என்று மனைவியும் மகளும் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒருநாள் லாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு போயின. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. கோபமில்லை, பேச எதுவும் மிஞ்சவில்லை. காலித் தொழுவத்துக்குள் பிக்கப் வண்டியை ஓட்டிப்போய் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பான். அதைச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் ஆர்லிஸ் ஒருநாள், கூடத்துச் சுவரோடு சேர்த்து, நெருப்பு மூட்டிக் குளிர்காய ஒரு கணப்பு கட்டிக்கொள்ளலாமே என்று கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். விறகா, கேஸா என்று கேட்டான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது.

அதன்பின் வீடெங்கும் வண்ணப் புத்தகங்கள். செங்கல்லா, ஆற்றுக்கல்லா, மேலே மரப்பலகை வைப்பதா வேண்டாமா, வாய் அகலமா உயரமா என்று சாப்பாட்டு மேசையில் ஓயாத பேச்சு. சுவிட்சைப் போட்டால் எரியும் கேஸ் கணப்பு போதும் என்றாள் ஆர்லிஸ்; போன வருஷம் இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டவள், கைத்தடி இல்லாமல் நடக்க முடியாதவள், விறகு சுமக்க முடியுமா? விறகின் சத்தம் இல்லாமல் அது என்ன கணப்பு என்றான் டெல்மர். ஃபார்கோவில் கல்லூரியில் படிக்கும் மகள் பிரிட்டா, முன்னால் உட்கார்ந்து படிக்கிற மாதிரி அகலமான கல்திட்டு வேண்டும் என்று போனில் சொன்னாள். வெண்டல் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார். வெளியே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கி வெளிப்பக்கம் ஏற வேண்டும், ஆகவே வடக்குச் சுவர்தான் வாகு. ஆனால் அஸ்திவாரம் தோண்ட முடியாதபடி மண் இறுகத் தொடங்கிவிட்டது, வசந்தம் வரட்டும் என்றார். போகுமுன் அளந்து நீல டேப்பை ஒட்டினார்.

"குளிர்காலம் பூரா இதைப் பாத்துக்கிட்டே இருங்க. சாப்பிடுங்க, டிவி பாருங்க, சண்டை போடுங்க. நான் வர்றதுக்குள்ள இடம் சரியா தப்பான்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்."

பான்ஜோ படுத்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, டெல்மர் தன் சாய்வு நாற்காலியை டிவியிலிருந்து திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டான். அளவு சரியாக வருமா என்று பார்க்கத்தான் என்றான். அவள் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சுவருக்கு நேரே நீட்டி உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு தெளிவு. கல்யாணமான புதிதில் அவனிடம் பார்த்த முகம்.

இடம் சரிதான் போலிருக்கிறது என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் கைகளை மடக்கவில்லை.

அவன் தூங்கப் போனபின் ஆர்லிஸ் சுவரருகே போய் நின்றாள். ஏதோ ஒரு வாடை. புகையல்ல, சாம்பலல்ல, இறைச்சி வைக்கும் பெரிய ஐஸ் பெட்டியை வெகுகாலம் கழித்துத் திறந்தால் வருமே, இரும்பும் பழைய பனியும் கலந்த அந்த வாடை. டேப் சதுரத்துக்குள் உள்ளங்கையை வைத்தாள். கடுங்குளிரில் இரும்பு வேலியைத் தொட்டால் பிடித்துக்கொள்வது போல் சுவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. இழுத்தபோது தோல் மெல்லிசாக உரிந்தது. சுவரில் ஒட்டிய அந்தத் தோல், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈரம் மண்ணில் இறங்குவது போல் உள்ளே இறங்கி மறைந்தது.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். வேறு என்ன நினைப்பது?

வீடு குளிரத் தொடங்கியது அதன்பிறகுதான். காலையில் எழுந்தால் மூச்சு வெள்ளையாக வந்தது. ஹீட்டர் கெட்டுவிட்டதோ என்று, கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக நிலவறைக்கு இறங்கிப் பார்த்தாள். யாரோ அணைத்திருந்தார்கள். போட்டுவிட்டு ஏறி வந்தாள். சாயங்காலம் மறுபடி அணைந்திருந்தது. டெல்மரிடம் கேட்டால் அவன் ஒளிக்கவில்லை. கணப்பு இந்த எரி எரிகிறபோது ஹீட்டர் எதற்கு, வேர்த்துக் கொட்டுகிறது என்றான்.

"அங்க ஒண்ணும் எரியல டெல்மர். டேப்புதான் இருக்கு."

அவன் அவளைக் கனிவோடு பார்த்தான். "நீ ஒரு தடவைகூட உக்காந்து பாக்கலியே ஆர்லி. வா, பக்கத்துல உக்காரு."

அதட்டியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். எத்தனையோ வருஷமாக அவன் ஆர்லி என்று கூப்பிட்டதில்லை. அவள் உட்காரவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, கால் போகவில்லை. கோட்டின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் மின்சார அடுப்பின் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்தாள். கூடத்திலிருந்து டெல்மர் பேசும் சத்தம் கேட்டது. வாய் இன்னும் கொஞ்சம் பெரிசாக இருக்கலாம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். டேப்பைச் சர்ரென்று உரிக்கும் சத்தம். மறுபடி ஒட்டும் சத்தம். காலையில் சதுரம் அவள் இடுப்புக்கு வந்திருந்தது. அடுத்த வாரம் தோளுக்கு வந்தது.

பான்ஜோ எழுந்திருக்காத காலையில் அவள் குனிந்து அதன் காதைத் தொட்டாள். காது மடங்கவில்லை. மரத்துண்டு போல் இருந்தது. நாயின் வாய் லேசாகத் திறந்து, சந்தோஷமாக இருக்கும்போது இருக்குமே, அதே மாதிரி இருந்தது. கண்களின் மேல் வெள்ளைப் பூப்பூவாக உறைபனி.

"தூங்குது, விடு," என்றான் டெல்மர். அவன் விரல் நுனிகள் மெழுகு போல் வெளுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அங்கிருந்த நர்ஸ் டெல்மரிடம் பேச வேண்டும் என்றாள். அவன் போனை வாங்கிக் கலகலவென்று பேசினான். கிறிஸ்துமஸுக்கு மகள் வருவதைச் சொன்னான். கணப்பைப் பற்றிச் சொன்னான். போன் திரும்ப வந்தபோது நர்ஸ் ஆர்லிஸிடம், அவர் ரொம்பத் தெளிவாகத்தான் இருக்கிறார், நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டாள்.

அதற்கு மேல் மகளை நம்பினாள். அவள் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள் என்றே சொல்லலாம். பிரிட்டா எதையும் முகத்துக்கு நேராகக் கேட்கிற பெண். அப்பாவைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போகும் தைரியமுள்ளவள். பனியோடு பனியாக வாசலில் வந்து இறங்கியவள் உள்ளே நுழைந்ததுமே, "என்னம்மா, வெளிய விட உள்ள குளிருது?" என்றாள். ஆர்லிஸுக்கு அழுகை வந்துவிட்டது. அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய், கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். நாயைச் சொன்னாள். விரல்களைச் சொன்னாள். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். தாயின் உரிந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நான் பேசிக்கொள்கிறேன், நாளைக்கே அவரை ஃபார்கோவுக்குக் கூட்டிப்போவோம் என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குள் போனாள்.

ஆர்லிஸ் கதவருகே நின்று கேட்டாள். மகளின் குரல் கறாராக இருந்தது. டெல்மரின் குரல் தாழ்வாக இருந்தது. நாற்காலி ஒன்று இழுபட்டது. பிறகு பேச்சில்லை. வெளியே காற்று கூரை விளிம்பில் ஊளையிடுவதும், அது ஓய்ந்த இடைவெளியில், கூடத்திலிருந்து மெலிதாக, யாரோ பல்லிடுக்கில் காற்றை உள்ளிழுப்பது போன்ற நீளமான ஒரு சத்தமும்.

கதவைத் திறந்தாள். பிரிட்டா பூட்ஸையும் காலுறையையும் கழற்றிவிட்டு, வெறும் பாதங்களைச் சுவரை நோக்கி நீட்டிக்கொண்டு, அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள்.

"அம்மா," என்றாள், திரும்பாமல். "எவ்ளோ நல்லாருக்கு. ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?"

அன்று ஆர்லிஸ் அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்துப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து கொஞ்சம் நகர்ந்ததுமே பெண்ணின் உடம்பு வலிப்பு வந்தது போல் உதறியது. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. உதடு நீலம் பாரித்தது. குழந்தையில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. டெல்மர் பதறி எழுந்து, அவளைத் தூக்கி மறுபடி சுவருக்கு எதிரே உட்கார்த்திவைத்தான். உடனே அமைதி. கன்னத்தில் சிரிப்பு. பிள்ளையை ஏன் வதைக்கிறாய் என்று அவன் வருத்தத்தோடு கேட்டான். இழுத்தால் சாகும். விட்டால் சாகும்.

கடைசியாக வெண்டலைக் கூப்பிட்டாள். போட்டவரே வந்து டேப்பை எடுத்துவிட்டு, வேலை இல்லை என்று டெல்மரிடம் நேரில் சொன்னால் ஒருவேளை அவன் கேட்பான் என்று ஒரு நப்பாசை. காரணம் எதுவும் சொல்லாமல், கணப்பு வேண்டாம், உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். பெரும்புயல் வருவதாக ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வருமுன் திரும்பிவிடலாம் என்று அவர் மத்தியானமே வந்தார். வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறிவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கூடத்து வாசற்படியில் நின்றார்.

அப்படியே நின்றார்.

"இதை யார் கட்டினது?" என்றார்.

ஆர்லிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. கண்கள் சுவரில் மேலும் கீழும், கல் கல்லாகப் போய்வந்தன.

"நான் வசந்தத்துலதானே வர்றேன்னேன். அதுக்குள்ள வேற ஆளப் புடிச்சிட்டீங்களா?" குரலில் கொஞ்சம் மனத்தாங்கல், அதைவிட அதிகம் வியப்பு. "யாரா இருந்தாலும் கைகாரன். எங்கயும் ஒரு பூச்சுகூடத் தெரியலியே. டெல்மர், எங்க கெடைச்சான் இவன்?"

டெல்மர் திரும்பாமலே பக்கத்து நாற்காலியைக் காட்டினான்.

வேண்டாம் என்று ஆர்லிஸ் அவர் கோட்டுக் கையைப் பிடித்தாள். ஒரு நிமிஷம், புயல் வருமுன் கிளம்பணும் என்று அவர் சொன்னார். கையுறைகளைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக.

அந்தப் பிற்பகல் புயல் வந்தது. தொழுவம் மறைந்தது. வெண்டலின் வண்டி மறைந்தது. வாசற்படி மறைந்தது. மின்சாரம் போனது, சமையலறை அடுப்பின் சிவப்புக் கம்பி மங்கி, கறுத்து, டிக் டிக்கென்று சுருங்கியது. அவசர உதவிக்குக் கூப்பிட்டாள். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். மூன்று பேர் உறைந்துகொண்டிருக்கிறார்கள் என்றாள். எங்கே, வெளியிலா? இல்லை, கூடத்தில். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு, சாலை முழுக்க அடைத்திருக்கிறது, பனி அள்ளும் வண்டி போன பிறகுதான் யாராலும் வர முடியும், அதுவரை எல்லாரும் ஒரே அறையில் நெருங்கி உட்காருங்கள் என்றார்கள்.

டேப்பை அவளே பிய்த்தாள். அதைத்தான் இன்னும் செய்யாமல் இருந்தாள். கைத்தடியைப் போட்டுவிட்டு, மூவரின் முதுகுக்குப் பின்னால் எதிர்ச்சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து, பக்கவாட்டில் போய் நின்று, நீல நாடாவின் நுனியை நகத்தால் கிளப்பி இழுத்தாள். கடகடவென்று முழுவதும் வந்துவிட்டது. யாரும் தடுக்கவில்லை. யாரும் திரும்பவில்லை. நாடா அவள் கையில் சுருண்டு தொங்கியது. சுவர் வெறும் சுவராக, வெளிறிய பச்சைப் பெயின்டோடு இருந்தது. அவள் காத்திருந்தாள். காற்று அடித்தது. மூவரும் கைகளை நீட்டியபடியே இருந்தார்கள்.

நடுங்கிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள். போர்வைகளை எல்லாம் எடுத்து வந்து அவர்கள்மேல் போடலாம், சுற்றிக் கட்டலாம், தானும் நடுவில் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. அலமாரிக் கதவின் பிடி வழுக்கிக்கொண்டே இருந்தது. அழுதபடி, தோளால் முட்டி முட்டி அதைத் திறந்து, கையில் அகப்பட்டதை அணைத்துக்கொண்டு திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வடக்கே நாலு மணிக்கே சாயும் பொழுது. ஜன்னல்களில் பனியின் நீல வெளிச்சம் மட்டும்.

கூடத்துக் கதவருகே வந்தாள்.

நின்றாள்.

மூன்று முதுகுகள். டெல்மரின் தலைமயிரில் வெள்ளை. பிரிட்டாவின் கழுத்தில் வெள்ளை. வெண்டலின் கோட்டுக்காலர் விறைத்திருந்தது. அவள் வாயிலிருந்து ஆவி வந்தது. அவர்கள் வாயிலிருந்து வரவில்லை.

"ஆர்லி," என்றான் டெல்மர். சொல் வந்தது. ஆவி வரவில்லை. "கதவச் சாத்திட்டு வா."

போர்வைகள் கையிலிருந்து நழுவின.

டேப் இருந்த இடத்தில் சுவர் இல்லை. கல்லும் இல்லை. நெருப்பும் இல்லை. ஆழம் இருந்தது. பனிப்புயலுக்கு அப்பால் ஊர் ஊராகப் போகும் ஆழம். ஒளியில்லாத ஆழம்.

அதன் விளிம்பில் கைகள்.

ஒரு ஜோடி. பக்கத்தில் ஒரு ஜோடி. அதற்கு மேலே, கீழே, நெருக்கியடித்துக்கொண்டு, இடம் கிடைக்காமல் மற்றவற்றின் இடுக்கில் நுழைந்துகொண்டு. நீலம் பாரித்த, நகம் கறுத்த, மெலிந்த கைகள். எல்லா உள்ளங்கைகளும் வெளிப்பக்கம் திரும்பி, விரல்களை விரித்து, அந்த மூவரை நோக்கி நீண்டிருந்தன. சில மெல்லப் பின்வாங்கி, ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு, மறுபடி நீண்டன. சுகமாக. அவசரமில்லாமல். பிரிட்டாவுக்கு நேராக இருந்த இரண்டு கைகளில் நீலம் மறைந்து, விரல் நுனிகளில் மெல்லச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

ஓரத்தில், இடம் கிடைக்காத ஒரு ஜோடி.

அவை காற்றில் சற்று நேரம் தடவின. நின்றன. கதவின் பக்கம் திரும்பின.

ஆர்லிஸை நோக்கி விரிந்தன.